மூன்றாம் வளைவில் தற்செயலாக

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துக் கேட்டால் எனக்குத்தான் அசிங்கம்.

பத்திரிகை ஆசிரியர் கிருபாநிதி போன் செய்தார். சுற்றுலாச் சிறப்பிதழ் போடுகிறார்களாம். "மலை ரோட்டை ஒட்டி ஒரு நாள்ல நடந்துட்டுத் திரும்புத மாதிரி பாதையெல்லாம் இருக்குல்லா, அதை வச்சு ஒரு கதை வேணும் அண்ணாச்சி. கொஞ்சம் பழைய காலமா இருக்கட்டும். அழுகை வேண்டாம். நடுநடுவுல வாசகருக்குப் பயன்படுத மாதிரி குறிப்பும் போட்டுருங்க" என்றார். நான் சரி என்றேன். போனை வைத்த பிறகுதான் நான் தூத்துக்குடிக்காரன் என்பது நினைவுக்கு வந்தது.

எங்கள் ஊரில் உயரமானது என்று பார்த்தால் உப்பளத்தில் குவித்துவைத்திருக்கும் உப்பு அம்பாரம்தான். அதில் ஏற முடியாது. ஏறினால் காவல்காரர் அடிக்க வருவார்.

மலை அனுபவம் எனக்கு அறவே இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு முறை சொந்தக்காரர் காரில் குற்றாலம் போய், அங்கிருந்து செங்கோட்டை, புளியரை தாண்டி மலையேறினோம். மூன்றாவது வளைவில் காரை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். அங்கே ஒரு கல்பாலம். அதன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு காலையில் சாப்பிட்ட இட்லி முழுவதையும் திருப்பிக் கொடுத்தேன். சொந்தக்காரர் முகம் சுளித்துக்கொண்டு காரிலேயே இருந்தார். நான் வெகுநேரம் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாசி, கட்டெறும்பு, கீழே சின்னதாக ஓடுகிற தண்ணீர். எனக்குத் தெரிந்த மலை அவ்வளவுதான்.

ஆகையால் இந்தக் கதையில் முக்கியமாக எது நடந்தாலும் அந்தக் கல்பாலத்தில்தான் நடக்கும். அதற்கு மேலே ஏற எனக்குத் தகுதியில்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"மேகங்கள் மலைமுகட்டைத் தழுவிக்கொண்டிருந்த அந்த வைகறைப் பொழுதில், இயற்கை அன்னை தன் பச்சைப் பட்டுச் சேலையை"

(சேலையை என்ன செய்தாள் என்று தெரியவில்லை. உடுத்தினாளா, உலர்த்தினாளா. விட்டுவிட்டேன்.)

இரண்டாம் முயற்சி:

"மலைச்சாலை என்பது மனிதனின் அகந்தைக்கும் பாறையின் பொறுமைக்கும் இடையே"

(இப்படி ஆரம்பித்தால் கிருபாநிதி பக்கத்தைத் திருப்பிவிடுவார்.)

மூன்றாம் முயற்சி:

"1946ஆம் வருஷம் ஆனி மாதம், சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில், தூத்துக்குடி கருப்பட்டி மண்டி ராஜதுரை குடும்பத்தோடு செங்கோட்டை ரயிலடியில் வந்து இறங்கினார். இறங்கியதும் மகன் காசிலிங்கத்தைப் பார்த்துச் சொன்னார்:

'ஏலே, தற்செயலா இருக்கணும். மூஞ்சில தற்செயல் தெரியணும். கேட்டியா?'"

இது இருக்கட்டும். மூஞ்சியில் தற்செயலை எப்படி வரவழைப்பது என்று காசிலிங்கத்துக்குத் தெரியவில்லை. வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டான்.

3

எதற்கு இந்தத் தற்செயல்?

ஏரலில் துணிக்கடை வைத்திருந்த தாணுலிங்கத்தின் இரண்டாவது மகள் செல்லக்கனி. மாப்பிள்ளை வீட்டார் முறையாக வண்டி கட்டிக்கொண்டு பெண் பார்க்க வந்து, காரியம் கூடாமல் போனால், ஏரல் கடைத்தெரு முழுக்க வருகிறவன் போகிறவன் எல்லாம் ஏன் என்று கேட்பான். போன தை மாதம் அப்படி ஒரு கூட்டம் வந்து, காப்பி குடித்து, செல்லக்கனி வேண்டாம் என்று சொல்லி, தாணுலிங்கம் சித்திரை வரைக்கும் கடைத்தெருவில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். ஆகவே இந்தத் தடவை முறையாகப் பார்ப்பது கிடையாது. சாரல் சீசனுக்குக் குற்றாலம் வந்த குடும்பம் ஒன்று, காலாற மலை ரோட்டில் மேலிருந்து கீழே நடந்து வரும். இன்னொரு குடும்பம் கீழிருந்து மேலே நடந்து போகும். மூன்றாவது வளைவுக் கல்பாலத்தில் இரண்டும் எதிரெதிரே வந்து, "அடடே, நீங்களா, இங்கனயா" என்று ஆச்சரியப்படும். பிடிக்காவிட்டால் யாரும் யாரையும் பார்க்கவில்லை. இதுதான் ஏற்பாடு.

தாணுலிங்கம் மகளிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியிருந்தார். "இந்தப் பையனையும் பிடிக்கலன்னா சொல்லு. இந்த ஒரு தடவை கேட்டுக்கிடுதேன். அடுத்தாப்புல நான் கைகாட்டுத இடந்தான்."

ஆக, செல்லக்கனியிடம் ஒரே ஒரு 'வேண்டாம்' மிச்சம் இருந்தது. அதைச் செலவழிப்பதா வைத்துக்கொள்வதா என்று அன்றைக்கு அவள் முடிவு செய்தாக வேண்டும்.

அவளுக்கு மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கும் அக்கறை அவ்வளவாக இல்லை. முகம் போட்டோவிலேயே வந்துவிட்டது. அவன் எப்படி நடக்கிறான் என்று பார்க்க வேண்டும். அதற்குக் காரணம் அவள் அக்கா முத்துக்கனி.

முத்துக்கனியைத் தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் புருஷன் முன்னால் நடப்பான், பெண்டாட்டி பின்னால் வருவாள். எல்லா ஊரிலும் அப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் முத்துக்கனி வீட்டுக்காரர் நடப்பது ரயிலைப் பிடிக்கப் போகிற மாதிரி. திரும்பிப் பார்க்கவே மாட்டார். ஒரு தடவை மாதா கோயில் திருவிழாக் கூட்டத்தில் முத்துக்கனி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, உச்சியில் சின்ன வழுக்கை என்று சரியாக அடையாளம் பார்த்து ஒரு முதுகின் பின்னாலேயே துறைமுகம் வரைக்கும் போய்விட்டாள். அங்கே அந்த முதுகு திரும்பியது. அவர் துறைமுகத்தில் கணக்கு எழுதும் விக்டர் என்பவர். "யாரும்மா நீ?" என்று அவர் கேட்டாராம். 

இதை அக்கா சிரித்துச் சிரித்துத்தான் சொன்னாள். செல்லக்கனிக்குச் சிரிப்பு வரவில்லை.

"யக்கா, ஒனக்கு அத்தான் மூஞ்சி ஞாபகம் இருக்கா?"

முத்துக்கனி யோசித்தாள். "சோறு போடும்போது பாப்பேன். அப்ப குனிஞ்சிருப்பாவ."

அன்றைக்கே செல்லக்கனி தீர்மானித்துவிட்டாள். பக்கத்தில் நடக்கிற ஆள் வேண்டும். அவ்வளவுதான் கேட்டாள். 1946இல் ஏரல் கடைத்தெருவில் ஒரு பெண் அதைக் கேட்பதைவிடக் கப்பல் ஒன்று வேண்டும் என்று கேட்டிருக்கலாம். அப்பாவாவது துறைமுகத்தில் விசாரித்துப் பார்த்திருப்பார்.

(என் கதைகளை முதலில் படிக்கும் கிரேசி டீச்சர் இந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, 'அந்தக் காலத்துப் பெண் இப்படிக் கேட்பாளா?' என்று எழுதிவைத்தார். கேட்பாளா என்று எனக்கும் தெரியாது. ஆனால் பின்னாலேயே ஓடினால் அந்தக் காலத்திலும் மூச்சு வாங்கியிருக்கும் என்பது மட்டும் தெரியும்.)

4

செல்லக்கனி கதைக்குள் சீக்கிரம் வந்துவிட்டாள். காசிலிங்கம்தான் வரமாட்டேன் என்கிறான்.

அவனுக்கு ஏதாவது ஒரு சிறப்பு வேண்டுமே என்று முதலில் புல்லாங்குழல் கொடுத்துப் பார்த்தேன். கருப்பட்டி மண்டியில் எடைத்தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன் புல்லாங்குழல் ஊதினால் ஈ கூட நம்பாது. எடுத்துவிட்டேன். 1946 ஆயிற்றே, சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்டான் என்று போடலாமா என்று பார்த்தேன். ராஜதுரை எடைத்தட்டை விட்டு அவனை எழுந்திருக்கவே விட்டிருக்க மாட்டார். அதையும் எடுத்தேன். கடைசியில் அவனிடம் மிஞ்சியது ஒரு ஜோடிப் புதுச் செருப்பு.

அந்தச் செருப்பை ராஜதுரைதான் வாங்கினார். மகன் எடைத்தட்டில் இருந்ததால் அவரே கடைக்குப் போய், தன் காலில் போட்டுப் பார்த்து, "எனக்குச் சரியா இருந்தா எம் மகனுக்கும் சரியாத்தான் இருக்கும்" என்று வாங்கி வந்துவிட்டார். ராஜதுரைக்குக் கால் சின்னது. காசிலிங்கம் அம்மாவைக் கொண்டு பிறந்தவன், அவனுக்குக் கால் நீளம். செங்கோட்டை ரயிலடியிலேயே செருப்பு குதிகாலைக் கடிக்க ஆரம்பித்துவிட்டது.

அப்பாவிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

(நடைப்பயணிகளுக்குக் குறிப்பு: புதுச் செருப்போடு மலை ஏறாதீர்கள். கிருபாநிதி கேட்ட பயனுள்ள குறிப்புகளில் இது ஒன்று.)

5

மாப்பிள்ளை வீட்டார் செங்கோட்டையிலிருந்து வண்டியில் வந்து புளியரையில் இறங்கி நடக்க ஆரம்பித்தார்கள். முன்னால் ராஜதுரை, அவருக்குப் பின்னால் அவர் தம்பிமார் இரண்டு பேர், நொண்டிக்கொண்டு காசிலிங்கம். நல்ல இடைவெளி விட்டு, காசிலிங்கத்தின் அம்மா சுடலைமாடத்தியும் அவளுடைய கொழுந்தன் பெண்டாட்டிகளும்.

நல்ல காரியத்துக்குப் புறப்பட்டவர்களுக்குச் சில சட்டங்கள் உண்டு. எங்கே போகிறீர்கள் என்று யாரும் கேட்கக் கூடாது. பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. போகிறவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது. இதில் எதை மீறினாலும் காரியம் கெட்டுப்போகும். ராஜதுரை ரயிலில் ஏறியதிலிருந்து திரும்பிப் பார்க்கவில்லை. மணியாச்சியில் வண்டி மாறும்போது பெட்டியை வாங்க மட்டும் பக்கவாட்டில் கை நீட்டினார்.

புளியரை டீக்கடையில் சுடலைமாடத்தி வழி விசாரித்து வைத்திருந்தாள். பெரிய ரோட்டை விடாமல் போனால் மூன்றாவது வளைவில் கல்பாலம் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். ராஜதுரை விசாரிக்கவில்லை. முன்னால் போகிறவர் எதற்கு விசாரிக்க வேண்டும்?

இரண்டாவது வளைவு தாண்டியதும் ரோட்டிலிருந்து வலது பக்கமாக ஓர் ஒற்றையடிப் பாதை பிரிந்து காட்டுக்குள் ஏறியது. சாரலுக்குள்ளே, பாதையின் மேலே, ராஜதுரைக்கு ஒரு பனைமரம் தெரிந்தது.

அவர் நின்றார். "பனைடே" என்றார்.

செம்மணல் தேரிக்காட்டுக்காரனுக்குப் பனை தெரிந்தால் போதும். பனை நிற்கிற இடத்தில் ஆள் இருப்பான், ஆள் இருந்தால் தண்ணீர் இருக்கும், தண்ணீருக்கு வழி இருக்கும். எங்கள் பக்கத்தில் பனையைப் பார்த்து நடந்து கெட்டுப்போனவன் கிடையாது. ஆனால் ராஜதுரை பார்த்தது கூந்தல்பனை. மலைக்காட்டில் தன்பாட்டுக்கு முளைத்து, ஓலை பிரிந்து தலைமயிர் மாதிரித் தொங்குகிற மரம். அது நிற்பதால் பக்கத்தில் ஆள் இருப்பான் என்று அர்த்தம் கிடையாது.

(கருப்பட்டி வியாபாரிக்குப் பனை தெரியாதா என்று யாராவது கடிதம் எழுதுவீர்கள். அவருக்குத் தெரிந்தது கருப்பட்டி. மரத்தை அவர் ரயில் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறார்.)

"இம்புட்டு ஒசரத்துல பனை நிக்கி. இதுல பதநி எறக்குதானுவளான்னு ஒரு எட்டுப் பாத்துட்டுப் போவோம். பாலத்துக்குக் குறுக்கு வழியாவும் இருக்கும்" என்று ராஜதுரை வலது பக்கம் திரும்பினார். தம்பிமார் திரும்பினார்கள்.

பின்னால் வந்த சுடலைமாடத்தி இதைப் பார்த்தாள். கூப்பிட வாயைத் திறந்தாள். கூப்பிடக் கூடாது. கூப்பிடலாம் என்றே வைத்துக்கொண்டாலும் புருஷன் பெயரை எப்படிச் சொல்வாள்? இருமினாள். வளையலைக் குலுக்கினாள். கடைசியில், வீட்டில் செய்வது போலக் கோழியைத் திட்டுகிற சாக்கில் சொல்லலாம் என்று சுற்றிப் பார்த்தாள். மலையில் கோழி இல்லை. மரத்தில் ஒரு குரங்கு இருந்தது.

"ஏ கொரங்கே, பெரிய ரோடு இந்தா இங்கன கெடக்கு. அதை விட்டுட்டு நீ எங்கன போற?"

சொன்ன பிறகுதான் எங்கன போற என்று கேட்டுவிட்டது உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். குரங்கு அவளைப் பார்த்தது. ராஜதுரை, பெண்டாட்டி குரங்கை விரட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டார்.

6

ஒரு நிமிஷம் இருங்கள். காசிலிங்கம் எங்கே?

அவன் பாதை பிரிகிற இடத்தில், ஒரு பாறை மேல் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். குதிகாலில் கொப்புளம். வலது பக்கம் அப்பாவின் முதுகு மறைந்துகொண்டிருந்தது. இடது பக்கம் அம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அப்பாவை அவன் கூப்பிட முடியாது, அவனும் அவருக்குப் பின்னால்தானே இருக்கிறான்.

இங்கே நான் எழுந்து டீ குடிக்கப் போனேன்.

அப்பாவோடு போனால் கதை இல்லை. அம்மாவோடு போனால், ஏன் போனான்? 'தன் வருங்கால மனைவியின் உள்ளம் அவனை அழைத்தது' என்று ஒரு வரி எழுதி, வெட்கமாகி, அடித்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் ஒற்றையடிப் பாதை முழுக்கச் சரளைக்கல், பெரிய ரோடு மழையில் நனைந்து மெத்தென்று இருந்தது. அவன் குதிகால்தான் முடிவு செய்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பெரிய ரோட்டில் இறங்கினான்.

அங்கே வேறு சிக்கல். ஆம்பிளை இருக்கும்போது பெண்கள் முன்னால் நடக்க மாட்டார்கள். அவன் இரண்டு எட்டு வைத்து நின்றான். அவர்களும் நின்றார்கள். அவன் நொண்டினான். அவர்களும் அந்த வேகத்துக்கே வந்தார்கள்.

"ஏலே, நீ முன்னால போடா."

"யம்மா, இந்தக் காலோட நான் முன்னால போனா நாம ஆடி மாசந்தான் போய்ச் சேருவோம். நீ போ. நான் பொறவால வாறேன்."

சுடலைமாடத்தி கொழுந்தன் பெண்டாட்டிகளைப் பார்த்தாள். அவர்கள் அவளைப் பார்த்தார்கள். யாரும் பார்க்கவில்லை, குரங்கைத் தவிர. அவள் முன்னால் நடந்தாள்.

கொஞ்ச தூரம் போனதும் நின்றுவிட்டாள். என்னவோ என்று எல்லோரும் பயந்தார்கள்.

"ஏளா" என்றாள் சுடலைமாடத்தி, "மலை இம்புட்டுப் பெருசாளா?"

கல்யாணமான நாளிலிருந்து எங்கே போனாலும் அவளுக்கு முன்னால் ஒரு வெள்ளைச் சட்டை போய்க்கொண்டிருந்தது. இப்போது சட்டை இல்லை. ரோடு வளைந்து மேலே போவது தெரிந்தது, மேகம் இறங்குவது தெரிந்தது, தூரத்தில் ஓர் அருவி நூல் போல விழுவது தெரிந்தது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நல்ல காரியத்துக்குப் போகிறோம் என்பதையே மறந்து, திரும்பித் திரும்பி மகனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நடந்தாள்.

இந்தப் பத்தியை எழுதும்போது எனக்கும் சந்தோஷமாக இருந்தது. கிருபாநிதி கேட்காத சந்தோஷம்தான், ஆனாலும் இருக்கட்டும்.

7

ராஜதுரைக்கு என்ன தண்டனை கொடுப்பது என்று நிறைய யோசித்தேன். பனையிலிருந்து பனைக்குப் போய் அவரும் தம்பிமாரும் எல்லையைத் தாண்டித் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குள் நுழைந்து, அங்கே சேவகர்கள் பிடித்து, கட்டுச்சோற்றை அவிழ்த்துப் பார்த்து, அரிசி கடத்துகிறார்கள் என்று உட்காரவைப்பதாக இரண்டு பக்கம் எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது.

கிரேசி டீச்சர் பென்சிலை எடுத்தார். 'அண்ணாச்சி, அப்போது செங்கோட்டையே திருவிதாங்கூரில்தான் இருந்தது. உங்கள் ஆட்கள் ரயிலை விட்டு இறங்கும்போதே எல்லைக்கு அந்தப் பக்கம்.'

சரிதான். இரண்டு பக்கமும் குப்பைக்குப் போயிற்று.

ஆகவே நடந்தது இது: நாலாவதோ ஐந்தாவதோ பனையடியில் ஒரு குடிசை இருந்தது. குடிசையில் ஒரு மனிதர் அந்தப் பனையிலிருந்து உண்மையாகவே பதநீர் இறக்கி, காய்ச்சிக்கொண்டிருந்தார். ராஜதுரை அந்தக் கருப்பட்டியில் ஒரு துண்டை வாங்கி வாயில் போட்டார். கண்ணை மூடினார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். மகனுக்குப் பெண் பார்க்க வந்தது பொழுது சாயும் வரைக்கும் அவர் நினைவுக்கு வரவில்லை. தண்டனை கொடுக்கப் போய் மனிதருக்கு விருந்து வைத்துவிட்டேன்.

(நடைப்பயணிகளுக்குக் குறிப்பு: பெரிய ரோட்டை விடாதீர்கள். விட்டால் ஏதாவது தின்னக் கிடைக்கும்.)

8

பெண் வீட்டார் கதை இன்னும் சுலபம். மேலேயிருந்து இறக்கத்தில் நடந்து வந்தார்கள். முன்னால் முத்துக்கனியின் வீட்டுக்காரர், அவருக்கு ஈடுகொடுத்துத் தாணுலிங்கம், எங்கேயோ பின்னால் அக்காவும் தங்கையும். சமதரையிலேயே அப்படி நடக்கிற மனிதர் இறக்கத்தில் எப்படி நடந்திருப்பார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கல்பாலத்தைத் தாண்டியதே அவருக்குத் தெரியவில்லை. கொஞ்சம் கீழே சுடலைமாடத்தி கூட்டத்தை எதிரே பார்த்தார்கள். பொம்பிளைகள் முன்னால் வருகிறார்கள், ஒருவன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கடைசியில் நொண்டி வருகிறான்.

"இவியளா இருக்காது" என்றார் மருமகன்.

"சேச்சே, ராஜதுரை வீட்டு ஆட்கள் இப்படியா வருவாவ" என்றார் தாணுலிங்கம்.

இரண்டு பேரும் மாப்பிள்ளை வீட்டாரைத் தேடிக்கொண்டு புளியரைக்கு இறங்கிப் போய்விட்டார்கள்.

கல்பாலத்துச் சுவரில் செல்லக்கனியும் முத்துக்கனியும் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார்கள். கீழேயிருந்து சுடலைமாடத்தி வந்தாள். ஆச்சரியப்பட வேண்டியவர்களில் பேச வேண்டிய ஆண்கள் ஒருவரும் இல்லை. சுடலைமாடத்தி புருஷன் பின்னால் நின்று தலையாட்டத்தான் பழகியிருந்தாள்.  கடைசியில் முத்துக்கனி, "அடடே, நீங்களா, இங்கனயா" என்றாள். சுடலைமாடத்தி, "ஆமா, நாங்கதான், இங்கனதான்" என்றாள். பிறகு இருவருக்கும் சிரிப்பு வந்து, பாலத்துக்கு அடியில் தண்ணீர் பார்க்கப் போகிறோம் என்று மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

செல்லக்கனி காசிலிங்கத்தைப் பார்த்தாள். அம்மாவுக்குப் பின்னால் நடந்து வந்த மாப்பிள்ளை. அவள் என்ன பார்க்க வந்தாளோ அதுவே எதிரில் நின்றது.

'செல்லக்கனி சிரித்தாள். ஆவணியில் கல்யாணம்.'

இப்படி முடித்துக் கிருபாநிதிக்கு அனுப்பிவிட்டேன். "நல்லா வந்திருக்கு அண்ணாச்சி" என்றார்.

9

நல்லா வரவில்லை.

செல்லக்கனி ஏமாறுகிற பெண் இல்லை. நான்தான் சீக்கிரம் முடித்தால் போதும் என்று அவளைச் சிரிக்கவைத்துவிட்டேன். கண் இருக்கிறவளுக்கு அவன் கையில் செருப்பு தெரியாதா, குதிகாலில் கொப்புளம் தெரியாதா? கதையை வாபஸ் வாங்கிக்கொண்டு மறுபடியும் கல்பாலத்துக்கு வந்தேன். அவள் எனக்காகக் காத்திருந்த மாதிரி கேட்டாள். என்னிடம் அல்ல, அவனிடம்.

"செருப்பு கடிக்கலன்னா எப்படி வந்திருப்பிய?"

காசிலிங்கம் செருப்பைப் பார்த்தான்.

முடிவு, அ: "கடிக்கலன்னாலும் இப்படித்தான் வந்திருப்பேன்" என்றான். (இதை நாலு விதமாக எழுதினேன். ஒவ்வொரு தடவையும் அவன் எடைத்தட்டுக்குப் பின்னாலிருந்து சரக்கு விற்கிற மாதிரியே இருந்தது. செல்லக்கனியும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை.)

முடிவு, ஆ: அந்த நேரம் பார்த்து ஒரு யானை (வேண்டாம்.)

முடிவு, இ:

"முன்னாலதான் போயிருப்பேன்" என்றான் காசிலிங்கம். "எங்கய்யா முதுகப் பாத்துக்கிட்டே அந்தப் பனங்காட்டுக்குள்ள போயிருப்பேன். சின்னதுலேருந்து அப்படித்தான். எனக்கும் அவிய முதுகுதான் தெரியும்."

அவள் அவன் குதிகாலைப் பார்த்தாள்.

"இன்னைக்குப் பொறவால வந்தேன்லா, எங்கம்மா திரும்பித் திரும்பிச் சிரிச்சா. அவ நடக்கும்போது மூஞ்சி எப்படி இருக்கும்னு இன்னைக்குத்தான் பாத்தேன்." செருப்பைக் கை மாற்றிக்கொண்டான். "நாளைக்கு எப்படி நடப்பேன்னு எனக்குத் தெரியல. தெரியும்னு சொன்னா பொய்யாயிரும்."

இதை நான் யோசித்து எழுதவில்லை. எழுதும்போது வந்துவிட்டது. புல்லாங்குழலைப் பிடுங்கியதற்காக நான் வருத்தப்படவே வேண்டாம் என்று தோன்றியது.

ஆனால் இப்போது செல்லக்கனிக்குத்தான் சங்கடம். பொய் சொல்லியிருந்தால் தன்னிடம் மிச்சமிருக்கும் 'வேண்டாம்' என்பதை யோசிக்காமல் செலவழித்திருப்பாள். பக்கத்தில் நடப்பேன் என்று உறுதியாகச் சொல்லியிருந்தால் சரி என்றிருப்பாள். இவன் இரண்டும் இல்லாமல் உண்மையைச் சொல்லிவிட்டு நிற்கிறான். உண்மை சொல்கிறவன் நாளைக்கும் முன்னால் ஓடலாம். அடுத்து அப்பா கைகாட்டுகிறவன் உண்மையும் சொல்ல மாட்டான், நிற்கவும் மாட்டான்.

அவளுக்கு ஒரு பதிலை எழுதப் பேனாவை எடுத்தேன். சரி என்று எழுதலாம், கிருபாநிதிக்குப் பிடிக்கும். வேண்டாம் என்று எழுதலாம், கிரேசி டீச்சருக்குப் பிடிக்கும். அப்போதுதான் ஒன்று உறைத்தது. கதை ஆரம்பித்ததிலிருந்து நான்தான் முன்னால் போய்க்கொண்டிருக்கிறேன். வளைவு நான் சொன்னது, பாலம் நான் சொன்னது, சிரி என்றால் சிரித்தாள். இவ்வளவு நேரமும் இந்தப் பெண் பார்த்துக்கொண்டு வந்தது என் முதுகை.

எனக்கு ரொம்ப வெட்கமாகப் போய்விட்டது. பேனாவை மூடினேன்.

செல்லக்கனி சுவரிலிருந்து எழுந்தாள். சேலையில் ஒட்டியிருந்த பாசியைத் தட்டிவிட்டாள். பாலத்துக்கு அடியில் இருந்தவர்கள் மேலே ஏறி வந்து, சத்தம் போடாமல் ஓரமாக நின்றார்கள். அவள் எதைச் சொன்னாலும் எல்லோரும் கீழே புளியரைக்கு இறங்கித்தான் ஆக வேண்டும், காணாமல் போன ஆம்பிளைகளைத் தேடி. போக வேண்டிய ரோடு ஒன்றுதான்.

அவள் காசிலிங்கத்திடம் ஏதோ சொன்னாள். அது என்னவென்று எனக்குத் தெரியாது, நான் தள்ளி நிற்கிறேன். பிறகு இரண்டு பேரும் மற்றவர்களுக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தார்கள்.

யார் முன்னால், யார் பின்னால் என்று நான் பார்க்கப் போவதில்லை. நீங்கள் பாருங்கள். இரண்டு பேர் சேர்ந்து நடக்கிற அளவுக்கு அந்த ரோட்டில் இடம் இருக்கிறது.